உங்கள் கணினிக்கும் இணையத்துக்கும் நடுவில் எத்தனை பெட்டிகள்? ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும் முழு வழிகாட்டி

வீட்டில் ஒரு கேமராவை மாட்டிவிட்டு, வெளியிலிருந்து மொபைலில் பார்க்க முடியவில்லையே என்று இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் அமைப்பு) எல்லாம் ஒழுங்காகத்தான் போட்டிருந்தேன். மூன்றாம் நாள், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ட்ரேஸ் (தரவு எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்று வரிசையாகக் காட்டும் கட்டளை) ஓட்டினால் முதல் வரியில் 192.168.1.1, இரண்டாம் வரியில் 192.168.0.1. வீட்டில் இருப்பது ஒரே ஒரு ரவுட்டர் என்று அதுவரை சத்தியமே செய்திருப்பேன். சுவரில் தொங்கிய வெள்ளைப் பெட்டியை வெறும் மோடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவோ தன் பங்குக்கு முழு ரவுட்டராகவே வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் கதவைத் திறந்து வைத்தது உள்வீட்டில், வெளிக்கதவு பூட்டியபடியே இருந்தது.

அன்றிலிருந்து யார் "நெட் சரியில்லை" என்றாலும் நான் முதலில் கேட்பது, நடுவில் என்னென்ன பெட்டி இருக்கிறது என்பதைத்தான். பெரும்பாலும் பதில் தப்பாகவே வரும். இதைக் கண்டுபிடிக்க ஒரே கருவி போதாது. சில பெட்டிகள் ட்ரேஸில் மாட்டும், சில பெட்டிகளைக் கண்ணால்தான் பார்க்கமுடியும், இன்னும் சில இரண்டுக்கும் தப்பி ஒளிந்திருக்கும். அதனால் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இன்னொன்று, கட்டளைகளை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும்; குழப்பம் வரக்கூடிய இடத்தில் எழுத்துக் கூட்டிச் சொல்கிறேன்.

முதலில் நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்

கணினியின் பின்னாலிருக்கும் கேபிளைப் பிடித்துக்கொண்டே அது எங்கே போகிறது என்று பாருங்கள். போகிற வழியில் விளக்கு மினுக்கும் பெட்டி எது வந்தாலும் தாளில் ஒரு கட்டம் போடுங்கள், பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மொபைலில் படம் எடுத்துவிடுங்கள். மாடல் எண், மேக் முகவரி (பெட்டிக்குத் தயாரிப்பாளர் போட்ட அடையாள எண்), பல நேரம் அந்தப் பெட்டியின் ஐபி முகவரியும் நுழைவுச்சொல்லும் அதில்தான் அச்சாகியிருக்கும், பிறகு தேவைப்படும்.

வைஃபை என்றால் பிடித்துக்கொண்டு போக கேபிள் இல்லை. அங்கே ரவுட்டரிலிருந்து ஆரம்பித்து வெளிப்பக்கம் நோக்கி நடங்கள்: ரவுட்டரின் வான் (WAN, வெளிப்பக்க இணைப்பு) போர்ட்டில் செருகிய கேபிள் எந்தப் பெட்டிக்குப் போகிறது, அந்தப் பெட்டிக்குள் வெளியிலிருந்து வருவது ஃபைபரா, டிவி கேபிள் மாதிரி தடித்த வயரா, தொலைபேசி வயரா. ஃபைபர் என்றால் அந்தப் பெட்டி ஓஎன்டி (ஃபைபரில் வரும் ஒளியைக் கேபிளுக்கான சிக்னலாக மாற்றுவது), தடித்த வயர் என்றால் கேபிள் மோடம், தொலைபேசி வயர் என்றால் டிஎஸ்எல் மோடம். மூன்றில் எதையும் ரவுட்டரோடு சேர்த்து ஒரே பெட்டியாகவும் கொடுப்பார்கள், அப்படியிருந்தால் உங்கள் தாளில் ஒரே கட்டம்தான்.

கேட்வே எது?

உங்கள் கணினி வெளியே எதை அனுப்பினாலும் முதலில் ஒரே ஒரு முகவரியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடும். அதற்குப் பெயர் டிஃபால்ட் கேட்வே. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று தட்டினால் வந்துவிடும். லினக்ஸில் "ஐபி ரூட்" (ரூட் என்பது ஆர், ஓ, யூ, டி, இ), முதல் வரியிலேயே "டிஃபால்ட் வியா" என்பதற்குப் பக்கத்தில் இருக்கும். ஆப்பிள் கணினியில் நெட்வொர்க் அமைப்புக்குள் டிசிபி/ஐபி பகுதியில் "ரவுட்டர்" என்று போட்டிருக்கும்.

விண்டோஸில் ஒரு சிக்கல், பட்டியல் நீளமாக வரும். ப்ளூடூத், மெய்நிகர் கணினி மென்பொருள் போட்டுவைத்த பொய் அடாப்டர், விபிஎன் எல்லாம் வரிசையில் நிற்கும். டிஃபால்ட் கேட்வேக்கு நேரே எண் எழுதியிருக்கும் அடாப்டரை மட்டும் பாருங்கள். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள், இல்லையென்றால் பின்னால் வரும் ட்ரேஸ் முழுக்க விபிஎன் சுரங்கத்துக்குள்ளேயே போய் வீட்டுப் பெட்டிகளைத் தாண்டிக் குதித்துவிடும். உங்கள் முகவரியே 169.254 என்று ஆரம்பித்தால் இதற்கு மேல் படிக்கவேண்டாம்: கணினி முகவரி கேட்டு யாரும் கொடுக்காததால் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், முதலில் கேபிளையும் ரவுட்டரையும் கவனியுங்கள்.

ட்ரேஸ் ஓட்டுவது

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் வருகிற விடையைப் படிக்கமுடியும், அதனால் கொஞ்சம் பொறுமை. இணையத்தில் தரவு பாக்கெட் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும், ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் அடுத்த ரவுட்டருக்குத் தள்ளும். பூஜ்யம் ஆகிவிட்டால் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு "உன் பாக்கெட் என்னிடம் செத்துப்போனது" என்று ஒரு தகவல் அனுப்பும். பாக்கெட்டுகள் வட்டமடித்துக்கொண்டே இருக்கக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. இதையே தூண்டிலாக மாற்றி 1980-களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் ட்ரேஸ்ரூட் நிரலை எழுதினார், யோசனை ஸ்டீவ் டீரிங் சொன்னது. டிடிஎல் 1 வைத்து ஒரு பாக்கெட் அனுப்பினால் முதல் ரவுட்டரில் சாகும், அது தன் முகவரியிலிருந்து தகவல் அனுப்பிக் காட்டிக்கொடுத்துக்கொள்ளும். 2 வைத்தால் இரண்டாவது. இப்படியே போய்ச் சேரும் இடம் வரை.

விண்டோஸில் இந்தக் கட்டளையின் பெயரைச் சுருக்கிவிட்டார்கள்: டி, ஆர், ஏ, சி, இ, ஆர், டி, ஏழே எழுத்து. அதன்பின் ஒரு இடைவெளி விட்டு ஹைஃபன் டி (இந்த டி ஏ, பி, சி-க்கு அடுத்து வரும் d), இன்னொரு இடைவெளி, 8.8.8.8. ஹைஃபன் டி எதற்கென்றால், ஒவ்வொரு முகவரிக்கும் பெயர் தேடிக்கொண்டு நிற்காமல் சட்டென்று முடிக்க. லினக்ஸிலும் ஆப்பிளிலும் ட்ரேஸ்ரூட் என்று முழுதாகத் தட்டி ஹைஃபன் என் சேர்க்கவேண்டும். 8.8.8.8 கூகுளின் டிஎன்எஸ் சர்வர் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றிக்கொடுப்பது), எப்போதும் விழித்திருக்கும், நினைவிலும் நிற்கும் என்பதால் அதைச் சொன்னேன், வேறு எதை வேண்டுமானாலும் போடலாம்.

வருவது ஏறத்தாழ இப்படி இருக்கும் (நேரம் மில்லி விநாடியில், 203.0.113 வரிசை உதாரணத்துக்கென்றே ஒதுக்கிய எண், அதனால் அதைத் தேடாதீர்கள்):

1 — 1, 1, 1 — 192.168.1.1
2 — 2, 1, 2 — 192.168.0.1
3 — 9, 8, 14 — 100.72.0.1
4 — *, *, *
5 — 48, 11, 10 — 203.0.113.17
6 — 12, 11, 11 — 8.8.8.8

ஒவ்வொரு வரியும் ஒரு ஹாப். மூன்று எண் இருப்பது ஏனென்றால் ஒவ்வொரு டிடிஎல்லுக்கும் மூன்று முறை அனுப்பிப் பார்க்கிறது. இப்போது முகவரிகளைப் பார்த்து எது யாருடையது என்று பிரிக்கவேண்டும். 192.168 என்று ஆரம்பிப்பவை, 10 என்று ஆரம்பிப்பவை, 172.16-லிருந்து 172.31 வரையுள்ளவை, இந்த மூன்று வரிசையும் தனிப்பட்ட நெட்வொர்க்குக்கு ஒதுக்கியவை, இணையத்தில் இவற்றுக்கு மதிப்பில்லை. முதல் ஹாப் உங்கள் கேட்வேயாகத்தான் இருக்கவேண்டும், முந்தைய படியில் குறித்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். இரண்டாவது ஹாப்பும் 192.168 என்றால் வீட்டுக்குள்ளேயே இரண்டாவது ரவுட்டர் ஒளிந்திருப்பதற்கு நிறைய வாய்ப்பு, என் கதை அதுதான். மேலே மூன்றாவது வரியைப் பாருங்கள்: 100.64-லிருந்து 100.127 வரையுள்ள முகவரிகளை இணைய நிறுவனங்கள் தங்கள் பெரிய நாட் பெட்டிக்கு (பல பேருக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிடுவது) பின்னால் வாடிக்கையாளர்களை அடைத்து வைப்பதற்காக 2012-ல் ஒதுக்கினார்கள். இதை சிஜிநாட் என்பார்கள். அப்படியொரு முகவரி தெரிந்தால் நிறுவனத்தின் எல்லைக்குள் நுழைந்துவிட்டீர்கள். 10 என்று ஆரம்பிக்கும் ஹாப்தான் வம்பு. வீட்டிலும் பயன்படுத்துவார்கள், நிறுவனமும் பயன்படுத்தும். நேரத்தை வைத்து ஊகிக்கலாம், 1 அல்லது 2 மில்லி விநாடி என்றால் வீட்டுக்குள், திடீரென்று 5, 8 என்று ஏறினால் வெளியே. இது கேபிளில் செருகியிருந்தால்தான் சரிவரும், வைஃபையில் முதல் ஹாப்பே ஒரு முறை 2, மறுமுறை 30 என்று ஆடும்.

இப்போது நட்சத்திரக் குறி. புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் இங்கேதான் பயப்படுகிறார்கள், பயப்படவே வேண்டாம். அந்த ரவுட்டர் செத்துப்போகும் பாக்கெட்டுக்குத் தகவல் அனுப்பாமல் இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள், அவ்வளவே. அதற்கு அடுத்த ஹாப் பதில் சொல்கிறதே, அப்படியென்றால் பாக்கெட் அந்த ஊமை ரவுட்டரைத் தாண்டித்தானே போயிருக்கிறது. நட்சத்திரம் ஒரு இடத்தில் ஆரம்பித்து 30-வது வரி வரை தொடர்ந்தால் மட்டும் யோசியுங்கள். அப்போதும் கூட பிரவுசரில் அந்தத் தளம் திறந்தால் நடுவில் ஏதோ ஃபயர்வால் ட்ரேஸை மட்டும் தடுக்கிறது என்று விட்டுவிடலாம். விண்டோஸ் அனுப்புவது பிங் ("இருக்கிறாயா" என்று கேட்பது) வகைப் பாக்கெட், லினக்ஸ் வழக்கமாக அனுப்புவது யுடிபி என்ற வேறு வகை, ஒன்றைத் தடுக்கும் ஃபயர்வால் மற்றதை விட்டுவிடலாம். லினக்ஸில் நட்சத்திரமாக வந்தால் ஹைஃபன் போட்டுப் பெரிய ஐ சேர்த்து ஓட்டிப் பாருங்கள், பிங் வகைக்கு மாறும்.

ஐந்தாவது வரியில் ஒரு 48 இருக்கிறது பாருங்கள். அங்கே நெரிசல் என்று முடிவு கட்டிவிடக்கூடாது, ஏனென்றால் அதைத் தாண்டியிருக்கும் ஆறாவது ஹாப் 12-லேயே பதில் சொல்லிவிட்டது. பெரிய ரவுட்டர்களுக்குப் பாக்கெட்டைத் தள்ளிவிடுவதுதான் முதல் வேலை, நமக்குத் தகவல் எழுதுவது நேரம் கிடைத்தால் செய்யும் வேலை. ஒரு ஹாப்பில் ஏறிய நேரம் அதற்குப் பிந்தைய எல்லா ஹாப்பிலும் குறையாமல் நின்றால்தான் அது உண்மையான தாமதம்.

ட்ரேஸில் மாட்டாத பெட்டிகள்

டிடிஎல்லைத் தொடுவது ரவுட்டர் மட்டும்தான். சுவிட்ச் (ஒரு கேபிளைப் பல கணினிக்குப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி), வைஃபை எக்ஸ்டெண்டர், மெஷ் கணுக்கள், பவர்லைன் அடாப்டர், பிரிட்ஜ் முறையில் (ரவுட்டர் வேலையை நிறுத்திவிட்டு) வைத்த மோடம், இவையெல்லாம் பாக்கெட்டின் தலையைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை, இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுத்துவிடும். ட்ரேஸில் ஒரே ஹாப் என்று வந்தாலும் கணினிக்கும் அந்த ஹாப்புக்கும் நடுவில் நாலு பெட்டி இருக்கலாம். இவற்றைப் பிடிக்க எனக்குத் தெரிந்த தந்திரங்கள் சில.

எனக்கு ரொம்பப் பிடித்தது இது. கணினி கேபிளில் இருக்கும்போது ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வந்து கணினியின் கேபிள் துளையைப் பாருங்கள். நேராக ரவுட்டரில் செருகியிருந்தால் விளக்கு உடனே அணையும், திரையிலும் கேபிள் துண்டிப்பு என்று வரும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் நடுவில் ஏதோ ஒரு பெட்டி உயிரோடு உட்கார்ந்து உங்கள் கேபிளுக்கு மறுமுனையாக இருக்கிறது. மேசைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், எங்கேயோ ஒரு சின்ன சுவிட்ச். முகவரியே இல்லாத சாதாரண சுவிட்ச்சை எந்த மென்பொருளும் காட்டாது, இந்த விளக்குதான் காட்டும்.

அடுத்தது வேகம். கணினியிலும் ரவுட்டரிலும் ஜிகாபிட் போர்ட் இருந்தும் இணைப்பு வேகம் 100 மெகாபிட் என்று காட்டினால், ஒன்று நடுவில் பழைய சுவிட்ச் இருக்கிறது, அல்லது கேபிள் பழுது. கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பி, ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும். அதனால் 100-க்குத் தேவைப்படாத ஜோடியில் ஒரு கம்பி அறுந்தால் இணைப்பு நிற்காமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றிப் போட்டும் அப்படியே இருந்தால் சுவிட்ச்சைத் தேடுங்கள்.

வைஃபைக்கு வேறு வழி. கமாண்ட் பிராம்ப்ட்டில் "ஏஆர்பி ஹைஃபன் ஏ" தட்டி, கேட்வே முகவரிக்கு நேரே இருக்கும் மேக் முகவரியை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு "நெட்எஸ்எச், டபிள்யூலேன், ஷோ, இன்டர்ஃபேசஸ்", நான்கும் தனித்தனிச் சொல்லாக. அதில் பிஎஸ்எஸ்ஐடி என்று ஒன்று வரும், நீங்கள் இந்த நிமிஷம் ஒட்டிக்கொண்டிருக்கும் வைஃபை ரேடியோவின் மேக் முகவரி அது. (புதிய விண்டோஸ் 11 இதற்கு லொகேஷன் அனுமதி கேட்கும், கொடுத்துவிடுங்கள்.) ஒரே பெட்டி என்றால் இரண்டும் பெரும்பாலும் கடைசி ஒன்றிரண்டு இலக்கத்தில்தான் மாறும். சம்பந்தமே இல்லாமல் இருந்தால் நீங்கள் ரவுட்டரோடு நேராகப் பேசவில்லை, நடுவில் எக்ஸ்டெண்டரோ தனி ஆக்சஸ் பாயிண்டோ (வைஃபை மட்டும் பரப்பும் பெட்டி) இருக்கிறது. மேக் முகவரியின் முதல் பாதி தயாரிப்பாளருக்கு ஐ ட்ரிபிள் இ அமைப்பு ஒதுக்கியது, இணையத்தில் தேடினால் எந்த நிறுவனத்தின் பெட்டி என்பதும் தெரிந்துவிடும்.

முகவரி உள்ள பெட்டிகளை மொத்தமாக வலை வீசிப் பிடிக்க என்மேப் என்ற நிரல் போதும். "என்மேப் ஹைஃபன் எஸ்என் 192.168.1.0/24", எஸ்என் இரண்டும் சின்ன எழுத்து, உங்கள் வரிசை வேறென்றால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே நெட்வொர்க்கில் இருப்பவர்களை இது ஏஆர்பி ("இந்த ஐபிக்கு உரியவரின் மேக் முகவரி என்ன" என்று கேட்கும் முறை) மூலம் கேட்பதால், பிங்குக்கு வாய் திறக்காத பெட்டியும் பதில் சொல்லியே ஆகவேண்டும். லினக்ஸில் சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) ஓட்டினால்தான் இப்படிக் கேட்கும். மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ என்று இருந்தால் அதைத் துரத்தாதீர்கள், பெரும்பாலும் யாருடைய மொபைலோ தற்காலிகமாகப் போட்டுக்கொண்ட பொய் முகவரி. உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் மட்டும் செய்யுங்கள், அலுவலகத்தில் ஓட்டினால் பாதுகாப்புக்காரர்கள் உங்கள் மேசைக்கு வருவார்கள்.

பிரிட்ஜ் முறையில் இருக்கும் மோடத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பிரவுசரில் 192.168.100.1 என்று தட்டிப் பாருங்கள். நிறைய கேபிள் மோடம்களும் சில ஓஎன்டிகளும் இந்த முகவரியில் ஒரு பக்கத்தை வைத்திருக்கும். உங்கள் ரவுட்டருக்கு இப்படியொரு முகவரி தன் வீட்டில் இல்லை என்பதால் வெளிப்பக்கம் தள்ளும், வழியில் மோடம் அதைக் கவ்விக்கொள்ளும். சிக்னல் அளவு, எத்தனை நாளாக அணைக்காமல் ஓடுகிறது என்பதெல்லாம் அங்கே கிடைக்கும்.

வீடு எங்கே முடிகிறது

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய் (பிரவுசரில் கேட்வே முகவரியைத் தட்டினால் போதும்) வான் ஐபி என்ன என்று பாருங்கள். அப்புறம் "என் ஐபி என்ன" என்று காட்டும் ஏதாவது தளத்தைத் திறந்து அது சொல்லும் ஐபி நான்காம் பதிப்பு (IPv4) முகவரியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்று என்றால் உங்கள் ரவுட்டர்தான் வீட்டின் கடைசிக் கதவு, அதற்கு வெளியே இணையம். வான் ஐபி 192.168 என்றால் வெளியே இன்னொரு ரவுட்டர் இருக்கிறது, பெரும்பாலும் அந்தச் சுவர்ப் பெட்டி. அதை பிரிட்ஜ் முறைக்கு மாற்றலாம், முடியாவிட்டால் உங்கள் சொந்த ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றிவிடலாம், இரண்டில் ஏதாவது ஒன்று ரவுட்டர் வேலையை விட்டால் போதும். வான் ஐபி 100.64 வரிசையில் இருந்தால் சிஜிநாட், ரவுட்டரில் எந்த போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து நேராக உள்ளே வரமுடியாது. நிறுவனத்திடம் தனி பொது முகவரி கேட்கவேண்டும், அல்லது ஐபி ஆறாம் பதிப்பு கிடைக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

அதற்கு அப்பால்

பொது முகவரிகள் வர ஆரம்பித்த பிறகு பெயர் தேவைப்படும், அதனால் இந்தமுறை ஹைஃபன் டி இல்லாமல் ட்ரேஸ் ஓட்டுங்கள். நிறுவன ரவுட்டர்களுக்கு அதைப் பராமரிப்பவர்கள் அர்த்தத்தோடு பெயர் வைப்பார்கள், நடுவில் விமான நிலையக் குறியீடு மாதிரி மூன்றெழுத்து இருந்தால் பல நேரம் அது அந்த ஊரேதான். ஆனால் ரவுட்டரை இடம் மாற்றிவிட்டுப் பெயரை மாற்ற மறந்தவர்களும் உண்டு, அதனால் நேரத்தை வைத்துச் சரிபாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும், போய்த் திரும்பவேண்டும் என்பதால் ட்ரேஸில் ஒரு மில்லி விநாடி என்பது அதிகபட்சம் 100 கிலோமீட்டர். பெயரில் 5,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊர், நேரத்தில் 4 மில்லி விநாடி என்றால் பெயர் பொய். 8.8.8.8 எங்கிருந்து ஓட்டினாலும் கிட்டத்திலேயே பதில் சொல்வதும் வேறு மாயமில்லை, ஒரே முகவரியை உலகத்தில் பல இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

ட்ரேஸ் காட்டுவது போகும் வழியை மட்டும்தான், திரும்பும் வழி வேறாக இருக்கலாம். அதையும் கொஞ்சம் மோப்பம் பிடிக்கலாம்: பிங் செய்தால் பதிலில் டிடிஎல் 117 என்பது போல ஒரு எண் வரும். பெட்டிகள் வழக்கமாக 64, 128, 255 இவற்றில் ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கும், 117-க்கு மேலே கிட்டத்தில் இருப்பது 128, ஆக திரும்பும் வழியில் 11 ரவுட்டர். போகும் வழியில் ட்ரேஸ் 6 என்று காட்டினால் இரண்டும் ஒரே பாதையில்லை, அல்லது நடுவில் சில ரவுட்டர்கள் தங்களை மறைத்துக்கொண்டிருக்கின்றன.

ஒரே ஒரு ட்ரேஸை வைத்து யாரிடமும் சண்டைக்குப் போகவேண்டாம். நெட் நன்றாக இருக்கும் நாளில் ஒன்று ஓட்டிச் சேமித்துவையுங்கள், படுத்துவிட்ட நாளில் இன்னொன்று. பாக்கெட்டுகள் தொலைந்துபோகும் இழப்பு எங்கே என்று கேட்டால் விண்டோஸில் பாத்பிங், ஒவ்வொரு ஹாப்புக்கும் 100 பாக்கெட் அனுப்பிக் கணக்கு சொல்லும், முடியச் சில நிமிஷம் ஆகும். லினக்ஸில் எம்டிஆர், ஓடிக்கொண்டே இருக்கும். முதல் ஹாப்பிலேயே இழப்பு ஆரம்பித்துக் கடைசி வரை தொடர்ந்தால் நிறுவனத்துக்கு போன் போடாதீர்கள், கோளாறு உங்கள் வைஃபையிலோ கேபிளிலோதான். வான் ஐபி இருக்கும் கட்டத்தைத் தாண்டிய பிறகு ஆரம்பித்துக் கடைசி வரை தொடர்ந்தால் இரண்டு நாளின் பதிவையும் தேதி, நேரத்தோடு அவர்களுக்கு அனுப்புங்கள். தாளில் போட்ட கட்டங்களை முகவரிகளோடு நிரப்பி ரவுட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள், அடுத்தமுறை பழுது பார்க்க வருபவர் எந்தப் பெட்டியை மாற்றினாலும் அந்தக் கட்டத்தை அவர் முன்னாலேயே திருத்திக்கொள்ளலாம்.